ஜோக்கிம் அண்ணை ஏறிய மொட்டை மலை

ஜோக்கிம் அண்ணையைப் போல ஒரு பிடிவாதக்காரரை இந்தப் பலெர்மோவில் வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்காது. நான் பல்லரோச் சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருக்கிறவள். பேர் அற்புதமலர், சனம் மலரக்கா என்னும். அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் என்னிடம் இருக்கும். எல்லாருடைய கதையும் இருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது, அது ஊரறிந்த விசயம். ஆனால் இந்தக் கதையை அவரே என் கடையில் அரிசி மூட்டைமேல் இருந்து சொன்னார். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லவுமில்லை.

அவர் மன்னார்ப் பக்கம், பேசாலை. இளந்தாரியாக வந்தவர், இப்போது அறுபது தாண்டிவிட்டது. லிபெர்த்தாத் தெருவில் வயதுபோன ஒரு இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை, சிஞ்ஞோரா என்பார். சமையல், துடைப்பு, இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்குவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, சிஞ்ஞோரா கோபத்தில் எறிகிற செருப்பைத் திரும்ப எடுத்து வைப்பது, எல்லாம் அவர்தான். பின்னேரம் பஸ் பிடித்து சீசாவில் இருக்கிற தன் வீட்டுக்கு வருவார். மூன்று பேர் இருந்த வீடு, இப்போது அவர் ஒருவர். சாப்பாட்டு மேசையில் மூன்று கதிரைகள். இரண்டில் மினுக்க வேண்டிய உடுப்பைக் குவித்து வைத்திருப்பார். ஒருநாள் சாமான் கொண்டுபோனபோது கண்டேன். "என்ன அண்ணை, வீட்டிலை விருந்தாளியள் இருக்கினம் போலை" என்று பகிடி விட்டேன். மனுசன் சிரிக்கவில்லை. ஏன்தான் வாயைத் திறந்தேனோ என்று ஆகிவிட்டது.

மனைவி அமலினியும் ஒரே மகள் அனிற்றாவும் இங்கிலாந்தில். இத்தாலிப் பாஸ்போட் கையில் கிடைத்ததும் இங்கிருந்த சனத்தில் எத்தனையோ பேர் அங்கே போனார்கள். பிள்ளைக்கு இங்கிலிசுப் படிப்பு, நல்ல உத்தியோகம் என்று சொல்லித்தான் போனார்கள். இங்கிலாந்து கதவைப் பூட்டுவதற்குக் கொஞ்சம் முந்தி இவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். இவர் போகவில்லை. "இந்த வயதிலை இன்னொரு பாசை படிச்சு இன்னொருத்தன்ரை கக்கூசு கழுவ என்னாலை ஏலாது. நீங்கள் போங்கோ, பென்சன் வந்த உடனை வாறன்" என்றார். அதில் சண்டை ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் கதைப்பார்கள். அமலினி அடுப்பில் கொதிக்கிற சட்டியைக்கூடக் காட்டுவாள்.

சண்டை வந்தது போன வருடம், மகளின் கலியாணத்தில். பெடியன் நல்ல பெடியன், எங்களைப் போலக் கத்தோலிக்க வேதக்காரப் பெடியன்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மண்டபம் கிடைக்கிற திகதியைப் பார்த்துக் கலியாண நாளை அவர்களே வைத்துவிட்டுப் பிறகுதான் இவருக்குச் சொன்னார்கள். தகப்பனைக் கேட்காமல் நாள் வைத்ததா! மனுசனுக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. "கலியாணக் காட் அனுப்பிக் கூப்பிடுற ஆளோ நான்?" என்று கேட்டுப் போனை வைத்தவர், கலியாணத்துக்கும் போகவில்லை. அனிற்றாவைக் கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போனது அமலினியின் தம்பி. அதற்குப் பிறகு அவர்களும் போன் எடுக்கவில்லை, இவரும் எடுக்கவில்லை. "அவை எடுக்கட்டும்" என்பார் இவர். "அவர் எடுக்கட்டும்" என்பாள் அமலினி. அவள் என் சிநேகிதி, எனக்கு மட்டும் எடுப்பாள். நடுவில் நான், இரண்டு பேரையும் திட்டிக்கொண்டு.

இந்த வருடம் வெயில் தொடங்கிய நேரம் அமலினி அழுதுகொண்டு எடுத்தாள். அனிற்றா பிள்ளைத்தாச்சி, வயிற்றுப்பிள்ளைக்கு ஏதோ கரைச்சல், ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள் என்றாள். அன்றைக்கே ஜோக்கிம் அண்ணை தேங்காய்ப்பூ வாங்க வந்தார். சொன்னேன். பைக்கற்றைக் கையில் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு, "தாயும் பிள்ளையும் தப்பட்டும். வெறுங்காலோடை மலை ஏறி, அந்தப் பிள்ளையின்ரை பேர் சொல்லித் திரி கொளுத்துவன்" என்று என் கடைக்குள்ளேயே நேர்த்தி வைத்தார்.

ஓகஸ்ட் நடுவில் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, இரண்டு பேரும் சுகம். அதையும் நான்தான் சொன்னேன், கடை நிறையச் சனம் நிற்கும்போது, உரத்த குரலில். "அண்ணை, பேரன் பிறந்திட்டான்!" அவர் எல்லாருக்கும் முன்னால் சிரித்தார். "ஓம், அறிஞ்சன்" என்றார். எங்கே அறிந்தார்! முகம் வெளுத்துப் போயிற்று. வாங்க வந்த சாமானை வாங்காமலே போய்விட்டார்.

நேர்த்தியைச் செய்தாக வேண்டும். கடவுள் தன் பங்கைச் செய்துவிட்டார், இவர் தன் பங்கைச் செய்யாவிட்டால் பிள்ளைக்கு ஏதும் வந்துவிடும் என்கிற பயம். பலெர்மோவில் எங்கள் சனத்துக்கு மலை என்றால் ஒன்றுதான், பெல்லெகிரினோ. மேலே குகைக்குள் இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியா. நாங்களும் போவோம், சைவச்சனமும் பொட்டு வைத்துக்கொண்டு வரும். நேர்த்திக்காரர் கல்லுப்பாதையால் நடந்து ஏறுவார்கள். மேலே போய்ச் சேர்ந்தால் கோவில், குளிர்ச்சியான குகை, தண்ணீர், மெழுகுதிரி விற்கிற தட்டி, கோப்பிக் கடை. ஞாயிற்றுக்கிழமை என்றால் தெரிந்த முகம் பத்தாவது நிற்கும்.

அந்தத் தெரிந்த முகங்களுக்குத்தான் ஜோக்கிம் அண்ணை பயந்தார். முதல் திருப்பத்தில் ஒருத்தி "அண்ணை, பேரனைப் பாத்தாச்சோ?" என்பாள். அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் "பேரன் ஆரைப் போலை?" என்பார். மேலே கோவில் வாசலில் ஞானாம்பிகை நிற்பாள். அவளுக்கு என்னை விட வாய் நீளம். அவர் என்ன சொல்லுவார்? படம்கூட எவரும் அனுப்பவில்லை என்றா? "அந்த மலை எனக்கு வேண்டாம் மலர், சனம் என்னைத் திண்டுபோடும் எண்டு நினைச்சன்" என்றார்.

அதனால் மனுசன் வேறொரு மலையைப் பிடித்தார். சிஞ்ஞோராவின் குடும்பத்துக்கு உள்நாட்டில் ஒரு தோட்டவீடு இருக்கிறது. ஒவ்வொரு யூலை மாதமும் அவவைக் கொண்டுபோய் அங்கே விடுவார்கள், சமைக்க இவரும் போவார். குசினி ஜன்னலால் பார்த்தால் தூரத்தில் ஒரு மொட்டை மலை தெரியும். அதன் பேர் என்னவோ சொன்னார், என் வாயில் நுழையவில்லை. மரமில்லை, வீடில்லை. உச்சியில் மட்டும் ஒரு சிலுவை. பாத்திரம் கழுவும்போதெல்லாம் அந்தச் சிலுவையைப் பார்த்துக்கொண்டுதான் கழுவியிருக்கிறார்.

"சிலுவை இருக்கெண்டால் கோவில் இருக்கும். கோவில் இருக்கெண்டால் தண்ணி இருக்கும், நிழல் இருக்கும், ஒரு சுவாமியாரும் இருப்பார்." இதுதான் அவருடைய கணக்கு. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்துச் சனம் எவரும் இப்படித்தான் நினைக்கும். மனுசர் போகாத வெட்டைவெளியில் சும்மா சிலுவையை மட்டும் நட்டுவிட்டு யாராவது இறங்கி வருவார்களா? இத்தாலியர் வருவார்கள். அது எங்களுக்கு எங்கே தெரியும்!

செப்டெம்பர் முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒருவருக்கும் சொல்லாமல், ரயில் நிலையத்தடியில் காலமை பஸ்ஸில் ஏறினார். தோள்பையில் ஒரு மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஒரு சின்னப் போத்தல் தண்ணீர், ஒரு சாப்பாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் என்ன என்று கேளுங்கள். புட்டும், கட்டைச்சம்பலும், பொரித்த கருவாடும். வெயிலில் மலை ஏறுகிற மனுசன் கருவாடு கட்டிக்கொண்டு போவானா? "நேர்த்திக்கு ஏறேக்கை அமலினி உதுதான் கட்டித் தாறவ" என்றார். அமலினி கட்டித் தந்தது கீழே வந்து சாப்பிட, கூட்டத்தோடு, பானை நிறையத் தேத்தண்ணியோடு. அதை மறந்துபோனார்.

பஸ்ஸில் நாலு பேர்கூட இல்லையாம். கோதுமை வெட்டிய வயல்கள் மஞ்சளாக, காய்ந்து, வெடித்துக் கிடந்தன. ஊரின் சந்தியில் இறங்கியபோது கோவில் மணி அடித்தது, சனம் பூசைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிழவன் இவரைப் பார்த்து, பிறகு இவருடைய பையைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போனான். இவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கிழவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மேலே ஒன்றுமில்லை என்று சொல்லியிருப்பான். ஜோக்கிம் அண்ணைக்குத்தான் கேட்கிற பழக்கம் கிடையாதே.

தார் ரோட்டு முடிந்த இடத்தில் சப்பாத்தைக் கழற்றி, ஒரு கல்லுக்குக் கீழே ஒளித்து வைத்தார். காலுறையை உள்ளே மடித்து வைத்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டு நடக்கத் தொடங்கினார்.

முதல் கொஞ்சத் தூரம் லேசாகத்தான் இருந்ததாம். பிறகு கருகின நிலம் வந்தது. கோடையில் நெருப்புப் பிடித்து ஒரு பக்கச் சரிவு முழுக்கக் கறுத்துக் கிடந்தது. காலை வைக்க வைக்கச் சாம்பல் எழும்பியது. அது முடிந்தால் கல்லு. வெள்ளைக் கல்லு, கூர்க் கல்லு, கல்லுக்கு நடுவே காய்ந்த முள்ளு. பாதை என்று ஒன்று இருந்து பிறகு இல்லாமல் போனது. ஒரு ஆட்டுக் குரல் இல்லை, ஒரு மோட்டார் சத்தம் இல்லை. காற்று மட்டும், அதுவும் அனல் காற்று. "மன்னாரிலையும் வெட்டை கிடக்கு மலர். ஆனால் ஒரு பனையாவது நிக்கும், ஒரு நாயாவது குலைக்கும். அங்கை என்ரை மூச்சுத்தான் எனக்குக் கேட்டது" என்றார்.

பாதி வழியில் ஒரு பாறையடியில் குந்தியிருந்து சாப்பிட்டார். கருவாட்டையும் விடவில்லை. சாப்பிட்டு முடிய போத்தலில் இருந்த தண்ணீரும் முடிந்தது. அவருக்குக் கவலை வரவில்லை. மேலே கோவில் இருக்கிறதே! பாதியில் முடிந்தால் முடியட்டும், கோவிலில் நிரப்பலாம் என்று வெறும் போத்தலை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழும்பினார்.

உள்ளங்கால் வெடித்து இரத்தம் வந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. கடைசிச் சரிவில் கையையும் ஊன்றித்தான் ஏறியிருக்கிறார். தலையை நிமிர்த்தினால் சிலுவை தெரிந்தது, அதுதான் இழுத்துக்கொண்டு போனது. ஒருவழியாக உச்சியில் கால் வைத்தார்.

கோவில் இல்லை. ஒரு கொங்கிறீற்றுக் கட்டை, அதில் நட்ட துருப்பிடித்த இரும்புச் சிலுவை, அது விழாமல் இழுத்துக் கட்டிய நாலு கம்பி. அவ்வளவுதான். மனுசன் நம்பவில்லை. சிலுவையைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார், கோவில் மறுபக்கத்தில் இருக்குமோ என்று. மறுபக்கத்தில் இன்னொரு மொட்டை மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று. இதை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடமே அழுகை வந்தது. அறுபது வயது மனுசன், காலில் இரத்தம், தண்ணீர் இல்லை, ஒரு இரும்புக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றிக் கோவில் தேடுகிறார். எங்கள் ஆட்களில் ஒருத்தர் பக்கத்தில் நின்றிருக்கக் கூடாதா?

சரி, வந்தாயிற்று, கோவில் இல்லாவிட்டாலும் சிலுவை சிலுவைதானே என்று முழங்காலில் நின்றார். வெயிலில் வளைந்துபோன மெழுகுதிரியை நிமிர்த்திக் கல்லுக்கு நடுவில் நட்டார். நெருப்புப்பெட்டியைக் கையில் எடுத்தார். "ஆண்டவரே, இந்த நேர்த்தியை என்ரை பேரன்" என்று தொடங்கினார். அதற்கு மேல் போகவில்லை. பிள்ளையின் பேர் அவருக்குத் தெரியாது.

பேர் சொல்லிக் கொளுத்துவேன் என்றுதான் நேர்த்தி. பேர் சொல்லாவிட்டால் அது நேர்த்தியே இல்லை. பிள்ளை பிறந்து ஆறு கிழமை, இந்த மனுசன் ஒருவரிடமும் பேரைக் கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம்!

அங்கிருந்து முதலில் எனக்குத்தான் எடுத்தார். உச்சியில் சிக்னல் நன்றாக இருந்ததாம். நானோ பூசை முடிந்து வந்த சனத்துக்கு நடுவில், ஒரு கையில் தராசு, ஒரு கையில் போன்.

"மலர், அனிற்றாவின்ரை பிள்ளைக்கு என்ன பேர்?"

"எனக்கென்ன தெரியும்? வைக்கேக்கை சொல்லுறன் எண்டு அமலினி சொன்னவ, இன்னும் சொல்லேல்லை. பெத்தவளைக் கேளுங்கோ அண்ணை! நீங்கள் அவளின்ரை தகப்பன்தானே?" என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். அவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன், கொஞ்சம் மெல்லச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் நெடுநேரம் அந்தக் கட்டையில் இருந்தார். பேசாமல் இறங்கிவிடலாமா என்று யோசித்தாராம். இறங்கினால் நேர்த்தி நின்றுபோகும், பிள்ளைக்கு ஏதும் ஒன்று என்றால் அது தன் தலையில். மகளுக்கு எடுத்தால் இவ்வளவு காலம் பிடித்துவைத்த வீராப்பு போய்விடும். அவள் எடுக்காமலே விட்டால்? அதுதான் பெரிய பயம், அதை அவர் கடைசியாகத்தான் சொன்னார். அனிற்றாவின் பேரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமலே இருந்தார். திரை இருண்டுபோக, திரும்பத் தட்டி வெளிச்சமாக்கி, திரும்ப இருண்டுபோக. தாகம் கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

எடுத்தாள். "ஹலோ" என்றாள்.

இவருக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சுகமா என்று கேட்கவில்லை, மகளே என்று கூப்பிடவில்லை. எடுத்த எடுப்பில், "பிள்ளைக்கு என்ன பேர் வைச்சனீங்கள்?" என்றார்.

"ஏன்?"

"நேர்த்தி ஒண்டு. பேர் சொல்ல வேணும்."

அவள் சொன்னாள். "அம்மா சொன்னவ, பேர் அப்பாதான் வைக்க வேணும் எண்டு. எனக்கு அப்பப்பாதானே வைச்சவர். இஞ்சை ஆறு கிழமைக்குள்ளை பதிய வேணும் அப்பா. நீங்கள் எடுப்பியள், எடுப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தம். என்ரை மனுசன் நாலைஞ்சு பேர் சொன்னவர், நான் ஒண்டுக்கும் ஓம் எண்டு சொல்லேல்லை. வெள்ளிக்கிழமையோடை நாள் முடிஞ்சுது. போய்ப் பதிஞ்சிட்டம்."

வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ஞாயிறு.

இந்த விசயத்தை அமலினி எனக்குக்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் நான் இவரிடம் சொல்லிவிடுவேன், சொல்லி வந்து வைக்கிற பேர் வேண்டாம், தானாக எடுக்கட்டும் என்று இருந்திருக்கிறாள். அவளும் இவருக்கு ஏற்ற ஆள்தான். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால் சீசாவுக்குப் போய்க் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் இருத்தியிருப்பேன்!

"என்ன பேர் பதிஞ்சனீங்கள்?" என்று கேட்டார்.

"லியோன்."

"நல்ல பேர்" என்றார். வேறென்ன சொல்லுவார்?

"எங்கை நிக்கிறியள் அப்பா? காத்துச் சத்தமாக் கிடக்கு."

"மலையிலை."

"ரொசாலியாவிலையோ? ஆரோடை வந்தனீங்கள்?"

"இது வேறை மலை. தனியத்தான்."

"தண்ணி வைச்சிருக்கிறியளோ?" என்றாள்.

"ஓம், கிடக்கு" என்றார். காலடியில் வெறும் போத்தல் உருண்டு கிடந்தது. அந்தக் குரலைக் கேட்டு அவள் நம்பினாளா? அவள் அவருடைய மகள். "போனை வைக்காதேங்கோ. கதைக்கவும் வேண்டாம். பொக்கற்றுக்குள்ளை போட்டுக்கொண்டு இறங்குங்கோ" என்றாள்.

போனை நெஞ்சுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு முழங்காலில் நின்று, "லியோன்" என்று உரத்துச் சொன்னார். நெருப்புக்குச்சியைத் தட்டினார், காற்று அணைத்தது. திரும்பத் தட்டப் போனவர் கீழே கறுத்துக் கிடந்த சரிவைப் பார்த்தார், சுற்றிக் காய்ந்து நின்ற புல்லைப் பார்த்தார், பெட்டியை மூடிவிட்டார். ஊரைக் கொளுத்தி நேர்த்தி முடிக்க வேண்டாம், ஆண்டவருக்கு விளங்கும் என்றார். திரி அணையாமலும் எரியாமலும் அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கினார்.

இறங்கும்போது பொக்கற்றுக்குள்ளிருந்து இங்கிலாந்துக் குசினி கேட்டது. கோப்பை தட்டுப்படுகிற சத்தம். பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். நாக்கு வறண்டு நடக்கிற மனுசனுக்கு அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்! பிறகு ஒரு குழந்தை அழுதது. இவர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டாராம். பேரனின் குரலை முதன்முதல் அங்கேதான் கேட்டார், ஒரு உயிருமில்லாத கல்லுமலையில். "அழட்டும், அழட்டும் எண்டு நிண்டன் மலர். அழுகையை நிப்பாட்டிப் போடுவினம் எண்டு எனக்குப் பயமாக் கிடந்தது" என்றார்.

பிறகு அமலினியின் குரல், தூரத்தில். "ஆர் போனிலை?"

"அப்பா."

குழாய்ச் சத்தம் நின்றது. "என்னவாம்?"

"பிள்ளையின்ரை பேர் கேட்டவர்."

"இப்பவோ?" என்றாள் அமலினி.

அந்த இடத்தில் மலை ஒரு பக்கம் திரும்பியது, சிக்னல் போய்விட்டது. அவள் மேலே ஏதும் சொன்னாளா, சொல்லவில்லையா, தெரியாது. ஜோக்கிம் அண்ணை ஒரு கல்லில் இருந்தார். "அதிலை இருந்துதான் நான் அழுதனான். ஒருத்தரும் இல்லைத்தானே, வாய்விட்டு அழுதன்" என்றார். என்னிடம் சொல்லும்போது அழவில்லை. நான்தான் அழுதேன்.

கீழே வந்து சப்பாத்தைத் தேடினார். எந்தக் கல்லுக்குக் கீழே வைத்தார் என்று தெரியவில்லை. அங்கே கல்லுக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக் களைத்துப்போய் விட்டுவிட்டார். வழியில் மாடு தண்ணீர் குடிக்கிற கல்லுத்தொட்டி ஒன்று இருந்தது. பாசி பிடித்த தண்ணீர், மேலே குளவி. முகத்தை உள்ளே விட்டுக் குடித்தார். பிறகு வெறுங்காலோடு ஊருக்குள் நடந்து, வெறுங்காலோடு பஸ் ஏறி, வெறுங்காலோடு சீசாப் படிகளில் ஏறி வீட்டுக்குப் போனார். சாரதி காலைப் பார்த்தானாம், முகத்தைப் பார்த்தானாம், ஒன்றும் கேட்கவில்லையாம். போனில் மகளின் மெசேச் ஒன்று கிடந்தது: "இறங்கீட்டியளோ?" இவர் "ஓம்" என்று போட்டார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை பின்னேரம் சிஞ்ஞோரா வீட்டில் லீவு. அன்றைக்குத்தான் காலில் துணியைச் சுற்றி, ஒரு பழைய செருப்பை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கடையில் வேறு ஒருவரும் இல்லை. நான் மூட்டையைக் காட்டி இருக்கச் சொன்னேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். முழுக்கச் சொல்லி முடித்தார்.

"உங்களைக் கேட்டிருந்தால் என்ன பேர் வைச்சிருப்பியள்?" என்றேன்.

"அதை இனி என்னத்துக்கு?" என்றார். ஒன்று வைத்திருந்தார் என்று எனக்கு விளங்கியது.

"சரி, அது போகட்டும். ஞானஸ்நானம் எப்பவாம்?"

"தெரியாது. சொல்லேல்லை. சொல்லட்டும், பாப்பம்."

எனக்கு வந்ததே கோபம்! "என்னத்தைப் பாப்பியள்? சொல்லட்டுமாம்! ஆறு கிழமை அங்கை ஒருத்தி பிள்ளையைப் பேரில்லாமல் மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தவள். இஞ்சை நீங்கள் அவை எடுக்கட்டும் எண்டு இருந்தியள். இனி ஞானஸ்நானமும் முடிஞ்சு, பெடியன் பள்ளிக்கூடம் போய், மீசையும் முளைக்கட்டும். அதுக்குப் பிறகு கூப்பிடுவினம், போங்கோ! எடுங்கோ போனை!"

"அனிற்றா பிள்ளையை நித்திரையாக்கிற நேரம்."

"எடுங்கோ எண்டுறன்!"

எடுத்தார். மகளுக்கு இல்லை, அமலினிக்கு. நான் தராசுக்குப் பின்னால் போய் நின்றேன், ஆனால் ஸ்பீக்கரைப் போட்டிருந்தார், காது எனக்கும் இருக்கிறதுதானே. மணி போய்க்கொண்டே இருந்தது. வைக்கப் போன நேரம் எடுத்தாள்.

"ம்" என்றாள்.

"நான்தான்."

"ம். வெறுங்காலோடைதானே ஏறியிருப்பியள். கால் எப்பிடி?"

"பரவாயில்லை." துணி சுற்றிய காலை உள்ளே இழுத்தார். "அமலினி, ஞானஸ்நானத்துக்கு நான் வரட்டோ?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய குரல், வழமையான குரல், எரிச்சலும் அலுப்புமாக.

"வாறதெண்டால் வாங்கோவன். உங்களை ஆர் மறிச்சது?"

வெளியே மீன்காரன் கூவிக்கொண்டு போனான். ஜோக்கிம் அண்ணை போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஒருத்தரும் மறிக்கேல்லை" என்றார்.